தேரைத் துரத்தாதீர்கள்: திருகோணமலைத் திருவிழாக்களில் கமராவோடு

தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்ததும் கமராவும் போனும் வைத்திருக்கிற எல்லோரும் அதற்கு முன்னால் ஓடிப்போய்த் திரும்பி, பின்பக்கமாக நடக்கத் தொடங்குவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒருவர் படத்தில் இன்னொருவரின் முதுகு, உயர்த்திய கைகள், பாதி வெட்டுப்பட்ட கலசம். இத்தனைக்கும் தேர் எந்த வீதியால் வரும், எந்த மூலையில் திரும்பும், அந்நேரம் வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் முதல்நாளே தெரிந்த விஷயம். பிறகு ஓட என்ன தேவை? நல்ல இடமாகப் பார்த்து நின்றால் தேர் உங்களிடமே வந்து சேரும். மிச்ச நேரத்தில் கும்பிடலாம், தவில்காரரின் விரல்களைப் பார்க்கலாம், கச்சான் கொறிக்கலாம்.

எங்கே நிற்பது, நின்றபின் கமராவில் எதைத் திருப்புவது என்பதுதான் இங்கே பேச்சு. போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

விஞ்ஞாபனத்தைக் கையில் எடுங்கள்

ஒவ்வொரு கோயிலும் மகோற்சவத்துக்கு முன் விஞ்ஞாபனம் அச்சடிக்கும். எந்த நாள் யார் உபயம், வசந்த மண்டபப் பூசை எத்தனை மணிக்கு, சுவாமி வெளிவீதி வருவது எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். நாட்காட்டியை நம்பிப் போகாதீர்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வருடங்களில் நாளையே மாற்றிவிடும். எந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்பதை விஞ்ஞாபனம்தான் சொல்லும்.

திருகோணமலையில் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. தையில் பொங்கல், மாசியில் சிவராத்திரியும் அதைத் தொடர்ந்து கோணேசப் பெருமான் மாதுமை அம்பாளோடு நகர்வலம் வருவதும், பங்குனி சித்திரையில் கோணேஸ்வரத்து மகோற்சவமும் தெப்பமும், வருடப்பிறப்பு விளையாட்டுகள், வெசாக், வைகாசி ஆனியில் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகிற பாதயாத்திரை நகரைக் கடந்து வெருகல் பக்கம் இறங்குவது, ஆடி அமாவாசைத் தீர்த்தம், நவராத்திரி முடிவில் கும்பம், ஐப்பசியில் சூரன் போர், மார்கழியில் திருவெம்பாவை, நத்தார். தம்பலகாமம் ஆதிகோணநாயகர், வெருகல் சித்திரவேலாயுதர், கடற்கரையை ஒட்டிய சல்லி முத்துமாரி அம்மன் என்று நகருக்கு வெளியே போனால் வெளிச்சமும் நிலமும் வேறு. நகரத்துக் கோயில் வீதியில் மின்கம்பியும் பெயர்ப்பலகையும் பின்னணியைக் கெடுக்கும். வயலும் ஆறும் கடலும் அப்படிக் கெடுக்காது.

முதல் தடவை கமராவோடு போகிறவர் தேருக்குப் போகாமல் இருப்பது நல்லது. கொடியேறி நாலாம் ஐந்தாம் நாள் பின்னேரம் போங்கள். சனம் குறைவு, ஐயருக்கும் பரிபாலன சபையினருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும், வீதியைச் சுற்றி நடந்து பார்க்கலாம். அப்படி நடக்கும்போது நாலு மூலையிலும் நின்று கிழக்கு எது என்று பார்த்து, தேரன்று காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் வெயில் எங்கிருந்து வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்முட்டிக்கு முன்னால் கம்பி போகிறதா, பந்தல் எவ்வளவு உயரம், ஏறி நிற்கக்கூடிய மதில் யாருடையது என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். மதில்காரரிடம் அன்றே கேளுங்கள். தேரன்று கேட்டால் அவருடைய மாமன் மச்சான் எல்லோரும் ஏற்கெனவே அதில் ஏறி நிற்பார்கள்.

வெயிலும் காற்றும்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் 12 வாக்கில், சூரியன் திருகோணமலைக்கு நேர் மேலே வருகிறது. நண்பகலில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். முகத்தைப் படம் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்குநுனியும் நெற்றியும் வெள்ளையாக எரியும். எந்தக் கமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அந்த நாட்களில் சூரியன் 5.56 போல் உதித்து 6.14 போல் மறைகிறது. காலை 8.30 வரைக்கும், பின்னேரம் 4.30க்குப் பிறகும் முகம் எடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் பந்தலுக்குள், தண்ணீர்ப்பந்தல் கொட்டிலுக்குள், வேப்பமர நிழலுக்குள் போய்விடுங்கள். வெயில்பட்ட வெண்மணலிலிருந்து திரும்புகிற வெளிச்சம் கொட்டிலுக்குள் இருக்கிறவரின் முகத்தில் கீழிருந்து விழும். மோர் ஊற்றிக் கொடுக்கிற கையையும் முகத்தையும் எடுக்க அதைவிட நல்ல விளக்கு வேறில்லை.

ஆனியிலும் ஆடியிலும் மேற்கே இருந்து கச்சான் வீசும். சூடான, வறண்ட, புழுதியோடு வருகிற காற்று. (திருவிழாவில் காற்றும் கச்சான், கடலையும் கச்சான், இரண்டும் வாய்க்குள் போகும்.) அது வீசும்போது வீதியில் லென்ஸ் மாற்றவே கூடாது. சென்சரில் (படம் பதிகிற தகட்டில்) ஒட்டிய புழுதி, லென்ஸ் துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கியதும் வானத்தில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். புறப்படும்போது போட்ட லென்ஸோடு அன்றைய நாளை முடியுங்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை வாடையும் மழையும். கமராவுக்கு மழைச்சட்டை வாங்கவேண்டியதில்லை. தடித்த பொலித்தீன் பை ஒன்றின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸ் விளிம்பில் ரப்பர் வளையத்தால் கட்டி, பின்பக்கத்தைத் திறந்து விட்டால் போதும். மழையை விடப் பெரிய தொந்தரவு குளிரூட்டிய அறையிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ நேரே வெளியே வருவது. ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் முழுக்கப் புகைபோல் படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். கமராவைப் பையிலிருந்து எடுக்காமல் 20 தொடக்கம் 30 நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழக விட்டால் படியாது. 6 மணிப் பூசை என்றால் 5.30க்கு வெளியே வந்துவிடுங்கள்.

உடம்பில் என்ன, பையில் என்ன

ஆண்கள் மேற்சட்டை கழற்றி, வேட்டியோடுதான் உள்ளே போகவேண்டும் என்பது பல கோயில்களில் வழக்கம். வேட்டிக்குப் பொக்கற் இல்லை. வெறும் தோளில் கமராப் பட்டி அரைமணித்தியாலத்தில் வியர்வையில் ஊறித் தோலை உரசத் தொடங்கும். சால்வையை மடித்துத் தோளில் போட்டு அதன்மேல் பட்டியைப் போடுங்கள். இடுப்பில் சிறிய பை ஒன்று. அதற்குள் மேலதிக பற்றரி ஒன்று, மெமரிக் கார்ட் ஒன்று, இரண்டு மென்துணி. தோற்பை வேண்டாம். துணிப்பையோ ரெக்சீனோ போதும்.

போன்காரருக்கு 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர்பாங்க் ஒரு நாளைக்குத் தாராளம். அதைவிட முக்கியம், தேரடிச் சனத்துக்குள் போனதும் பிளைட் மோடில் போடுவது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே தொலைபேசிக் கோபுரத்தைப் பிடிக்க முயலும்போது சமிக்ஞையைத் தேடித்தேடியே பற்றரி இறங்கிவிடும். வீட்டுக்காரர் தேடுவார்கள் என்றால் முதலே சந்திக்கும் இடத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒரு லென்ஸ்தான் என்றால் 24 தொடக்கம் 70 மில்லிமீட்டர் போதும் (எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் கிட்ட வரும்). 35 மில்லிமீட்டர் ஒன்றை மட்டும் கொண்டு போகிறவர்கள் பாரமும் குறைந்து, யோசனையும் குறைந்து, நல்ல படத்தோடு வருவார்கள். 70-200 பெரிய லென்ஸ் சனத்துக்குள் யாருடைய தலையிலாவது இடிக்கும்; அதைத் தெப்பத்துக்கும் சூரன் போருக்கும் வையுங்கள். ட்ரைபொட் தேர்வீதிக்கு வேண்டவே வேண்டாம். காலில் தடக்கி ஒருவர் விழுந்தால் பின்னால் வருவது வடம்.

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து மணிக்குப் பிறகு தார்வீதியும் கருங்கல்லும் சுடும். சுவாமி வருவதற்கு முன் பவுசரில் தண்ணீர் அடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஈரப் பட்டையில் நில்லுங்கள், ஆனால் தேங்காய் அடிக்கிற இடத்துக்கு அருகில் அல்ல. சிதறிய சிரட்டையின் விளிம்பு உள்ளங்காலைக் கிழிக்கும்.

வசந்த மண்டபத்திலிருந்து வாசலுக்கு

மூலஸ்தானத்தைப் படம் எடுப்பதில்லை. கேட்டுப் பார்க்கவும் தேவையில்லை. வசந்த மண்டபப் பூசையை எடுக்கலாமா என்பதை மட்டும் அந்தந்தக் கோயிலில் கேளுங்கள். விட்டால் பிளாஷ் இல்லாமல். தீபம் காட்டும்போது ஐயரின் முகத்தில் பிளாஷ் அடித்தால் அடுத்த நிமிடம் அவருக்குக் கண் தெரியாது, கையில் எரிகிற அடுக்குத் தீபம் இருக்கிறது.

சுவாமி எழுந்தருளி வாசலுக்கு வருகிற கணம்தான் அதிகம் கெடும். உள்ளே விளக்கொளி, வெளியே நடுவெயில். இரண்டுக்கும் இடையில் பத்து அடி. கையால் ஒவ்வொன்றாக மாற்ற நேரம் இருக்காது. முதலே இப்படி வையுங்கள்: கமராவை ஏப்பச்சர் முறையில் (துவாரத்தை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கமரா பார்த்துக்கொள்ளும்) எஃப் 4, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) தானாக மாற, உச்சம் 6400, மிகக் குறைந்த ஷட்டர் 1/250, அதாவது செக்கனில் 250இல் ஒரு பங்கு. எக்ஸ்போஷர் ஈடு, அதாவது கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு, மைனஸ் 0.7. இந்தக் கடைசி எண்ணை மறந்தால் வெள்ளை வேட்டியும் பொன் நகையும் வெந்து, மடிப்பும் வேலைப்பாடும் இல்லாமல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இருட்டை வீட்டில் கொஞ்சம் தூக்கலாம். வெந்ததை மீட்க முடியாது. போனில் சுவாமியின் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும்.

இரவில் விளக்கைச் சுற்றி ஒளி கோடு கோடாக, ஒரே திசையில் இழுபட்டுத் தெரிகிறதா? கமரா பழுது என்று நினைக்காதீர்கள். லென்ஸில் திருநீறோ சந்தனமோ விரல் எண்ணெயோ பட்டிருக்கிறது. திருநீறு பூசிய கையால் போனைத் தூக்குகிற எல்லோருக்கும் இது நடக்கும். கற்பூரப் புகையும் மெல்லிய படலமாகக் கண்ணாடியில் இறங்கும். முதலில் ஊதித் தூளைப் போக்கி, பிறகு மென்துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். வேட்டி நுனி வேண்டாம். அதிலும் திருநீறுதான் இருக்கும்.

சப்பறமும் எல்ஈடி விளக்கும்

தேருக்கு முதல்நாள் இரவுச் சப்பறத்தில் விளக்கு வேலைப்பாடு மேலே மேலே அடுக்கி நிற்கும். படத்தில் மட்டும் அதன் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். காரணம் எளிது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும். காணொளிக்கு செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. போனில் புரோ முறை இருந்தால் இதே எண்களை வையுங்கள். இல்லையென்றால் காணொளி அமைப்பில் 50 ஹேர்ட்ஸ் என்ற தெரிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொரு தொல்லை, ஓடுகிற விளக்குகள். ஒரு வரிசை எரியும்போது அடுத்தது அணைந்திருக்கும். ஒரே படம் எடுத்துவிட்டுப் போனால் சப்பறத்தின் பாதி இருட்டில் கிடக்கும். நின்ற இடத்தில் ஐந்தாறு தடவை எடுங்கள். அல்லது சப்பறம் நிற்கிற நேரம் பார்த்து ஒரு தூணில் கமராவை அழுத்திப் பிடித்து 1/4 செக்கன் திறந்துவையுங்கள், எல்லா வரிசையும் சேர்ந்துவிடும். போனின் இரவு முறை நின்ற சப்பறத்துக்கு நல்லது, தூக்குகிற ஆட்களுக்கு ஆகாது. இரண்டு மூன்று செக்கனைச் சேர்த்துத் தைப்பதால் ஆட்களுக்கு மூன்று கை முளைக்கும்.

தேர்

தேரின் முழு உருவம் வேண்டுமென்றால் தூரம்தான் வழி. 10 மீட்டர் உயரத் தேர் என்று வைத்துக்கொண்டால், போனின் சாதாரண லென்ஸாலோ 24 மில்லிமீட்டராலோ 20 மீட்டர் தள்ளி நின்று, கமராவை அண்ணாத்தாமல் நேராகப் பிடித்தால் படுக்கை வாட்டிலேயே கலசம்வரை அடங்கும். 8 மீட்டரில் நின்று அண்ணாந்து எடுத்தால் தேர் பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல் வரும், பீடம் பெருத்து முடி சிறுத்துவிடும்.

அந்த 20 மீட்டர் கிடைக்கிற இடம் வீதியின் மூலை. தேர் திரும்பும் மூலைக்கு எதிர்க்கோணத்தில், வெயில் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கிற மூலையாகப் பார்த்து நில்லுங்கள். மூலையில் தேர் நிதானிக்கும். முட்டுக்கட்டைக்காரர்கள் குனிந்து கட்டை கொடுக்க, வடத்தை ஒரு பக்கம் இழுத்து, சக்கரம் நிலத்தை அரைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகும். அந்த நேரத்துக்குள் முன்முகம், பக்கம், பின்பக்கம் மூன்றும் உங்களுக்கு முன்னாலேயே சுழன்று வரும். முழுத்தேர் இரண்டு படம் எடுத்ததும் போதும். பிறகு 70 மில்லிமீட்டரை வைத்து வடத்தில் சிவந்த உள்ளங்கைகள், கட்டைக்காரரின் கழுத்து நரம்பு, தேர்த்தட்டில் இருந்து பூ எறிகிற ஐயர். சக்கரம் உருள்வது தெரியவேண்டுமென்றால் 1/60. 1/500 என்றால் ஓடுகிற தேரும் நிற்கிற தேரும் ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டு வடங்களுக்கு நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து எடுக்கிற படம் உலகத்தில் யாருக்கும் தேவையில்லை. தேர் கட்டையைத் தாண்டி ஒரே மூச்சில் மூன்று நாலு அடி பாயும், பின்னோக்கி நடக்கிறவருக்கு அது தெரியாது.

சிதறு தேங்காய் அடிக்கும் இடத்தில் பக்கவாட்டில், ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஓங்கிய கையில் ஃபோகஸ் வைக்காதீர்கள், தேங்காய் விழுகிற கல்லில் முதலே ஃபோகஸைப் பூட்டுங்கள். 1/1000, தொடர்படம், கை இறங்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். வெடித்த பிறகு அழுத்தினால் ஈரக்கல்தான் கிடைக்கும். இளநீர்த் துளி கண்ணாடியில் பட்டால் உடனே ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்தால் சீனிப்பாகுபோல் ஒட்டும்.

காவடி ஆட்டத்துக்கு எதிர்வழி. எல்லாவற்றையும் உறைய வைத்தால் ஆட்டம் செத்துவிடும். 1/30 வைத்து, ஆடுகிறவர் சுற்றும் திசையிலேயே உடம்பை இடுப்பிலிருந்து திருப்பிக்கொண்டு அழுத்துங்கள். பத்தில் எட்டு கலங்கும். மிச்சம் இரண்டில் முகம் தெளிந்து மயிலிறகு சுழன்று நிற்கும்.

தீர்த்தம், தெப்பம், கடல்

கோணேஸ்வரத்து மலையின் கடற்பக்கம் கிழக்கு நோக்கியது. காலையில் பாறையும் கடலும் வெளிச்சத்தில், பின்னேரம் அந்தப் பக்கம் நிழலில், நகரப்பக்கம் பொன்னிறத்தில். எந்த முகம் வேண்டுமோ அதற்கேற்ற நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். மேலே போகிற பாதை பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது. அங்கே இராணுவ முகாம் இருக்கிறது. காவலரண், முகாம் கட்டடம், துறைமுகத்தின் கடற்படைப் பக்கம் எதற்கும் கமராவைத் தூக்காதீர்கள். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது சட்டவிரோதம். திருவிழாச் சனத்துக்கு மேலே பறக்கவிடுவது மடைத்தனமும்கூட. கோட்டைக்குள் திரிகிற மான்களை எடுக்கலாம், தாராளமாக நிற்கும்.

தீர்த்தக்கரையில் உப்புத்துளி கண்ணுக்குத் தெரியாமலே லென்ஸில் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப்பரல் கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், அதன்பின் காய்ந்த துணி. லென்ஸுக்கு முன்னால் யூவி ஃபில்டர் போடுவதற்கு உருப்படியான காரணம் இது ஒன்றுதான்.

தெப்பம் இரவில், அலையில் ஆடுகிற வள்ளத்தில். கரையில் ட்ரைபொட் வைத்து இரண்டு செக்கன் திறந்தால் பாறை தெளிவாக இருக்கும், தெப்பம் ஒளிக்கோடாகிவிடும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 1/60 என்று வைத்து, தெப்பம் அலையின் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அழுத்துங்கள். இருட்ட முதல், சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குள் தெப்பம் வெளிக்கிட்டால் அது அதிர்ஷ்டம். வானம் கருநீலமாக இருக்கும்போது விளக்கும் பாறையும் ஒன்றாகத் தெரியும். வெசாக் விளக்குக்கூட்டுக்கும் அதே இருபது நிமிடம்தான்.

பொங்கல் பானை

தை 1 அன்று சூரியன் 6.24 போல் உதிக்கிறது. கோலம் இட்டு, மூன்று கல் வைத்து, கிழக்குப் பார்த்துப் பொங்குவார்கள். பொங்குகிறவருக்கு நேர் முன்னால் நின்றால் சூரியனை மறைத்துக்கொண்டு நிற்பீர்கள், அந்த வீட்டு ஆச்சி சொல்லியே எழுப்பிவிடுவா. நிற்கவேண்டியது பானைக்கு வடமேற்கே. வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் புகை தென்மேற்கே போய்விடும். தென்கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து எழுகிற தைச் சூரியன் பானைக்குப் பின்னால் நிற்க, ஆவி ஒளிரும். முழந்தாளில் இருந்து, பானையின் கழுத்து மட்டத்தில் கமராவைப் பிடியுங்கள்.

பால் பொங்குவது திடீரென்று நடப்பதில்லை. முதலில் ஓரத்தில் சிறு குமிழி, பிறகு நடுவில் ஆடை தூக்கும், பிறகு நுரை கழுத்துக்கு ஏறும். கழுத்தைத் தொட்டதும் மூன்று நாலு செக்கன்தான். அந்தக் குமிழி பெருக்கும்போதே கமரா கண்ணில் இருக்கவேண்டும். விறகைத் தள்ளுகிறவரின் கையைப் பாருங்கள். அவர் நெருப்பைக் கூட்டினால் நேரம் வந்துவிட்டது. 1/500, எக்ஸ்போஷர் ஈடு பூச்சியம். பின்வெளிச்சத்தில் மைனஸ் போட்டால் முகமெல்லாம் கறுத்துவிடும். பொங்கி வழிந்ததும் பானையை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பக்கம் திரும்புங்கள், சீனவெடி அப்போதுதான் வெடிக்கும்.

வருடப்பிறப்பு விளையாட்டுகளில் முட்டி உடைத்தலுக்கும் இதே பொறுமை வேண்டும். கண்கட்டியவரைப் பின்தொடராமல் முட்டியில் ஃபோகஸைப் பூட்டி, பக்கவாட்டில் நில்லுங்கள். பொல்லு எட்டும் தூரத்தை இரண்டு மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள்; கண்கட்டியவருக்கு நீங்களும் முட்டியும் ஒன்றுதான். வழுக்குமரத்தில் உச்சியைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள். ஒருவர் தோளில் ஒருவர் ஏற, கீழே நிற்கிறவரின் முகத்தில் கிறீஸ் வழியும்.

கும்பம்

நவராத்திரிக் காலத்தில் திருகோணமலையில் கும்பத்துமால் (கும்பம் வைக்கிற பந்தல்) அமைத்து, நிறைவில் கும்பத்தைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு இரவில் வீதிவலம் வருவார்கள். வெளியூர்க் கமராக்காரர் அதிகம் அறியாத விழா. தெருவிளக்கு மட்டும்தான், கும்பம் தலைக்கு மேல் ஓரடி இரண்டடி உயர்ந்து நிற்கும். எனவே நெடுவாட்டில் பிடித்து, கமராவை நெஞ்சு மட்டத்துக்கு இறக்குங்கள். எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, 1/125. ஊர்வலத்துக்கு முன்னால் போகாதீர்கள். ஒரு தெருவிளக்கின் கீழ் நின்று, கும்பம் அதற்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னதாக அந்த வெளிச்சத்துக்குள் நுழைகிற வரைக்கும் காத்திருங்கள். விளக்கு நேர் உச்சியில் வந்துவிட்டால் கும்பத்தின் நிழல் முகத்தை மூடிவிடும்.

உரு வந்து ஆடுகிறவரின் முகத்துக்குக் கிட்டப்போய் எடுப்பதும், அதை முகநூலில் போடுவதும் கூடாது. மறுநாள் அவர் கடைக்குப் போகவேண்டியவர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவராக இருப்பார். அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிற கைகள், நிலத்தில் தட்டுகிற கால், மஞ்சள்தண்ணீர், வேப்பிலை போதும். தீர்த்தத்தில் நனைந்த உடுப்போடு கரையேறும் பெண்களை எடுக்கக்கூடாது. ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவரைப் பின்பக்கத்திலிருந்து, தூரத்தில் வைத்து எடுங்கள். அழுகிற முகம் உங்களுக்கு உரியதல்ல. பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் ஒரு சொல். கமராவைக் கொஞ்சம் தூக்கிக்காட்டித் தலையசைத்தாலே பெரும்பாலானோர் சரி சொல்வார்கள். தலையை மற்றப் பக்கம் திருப்பினால் அதுவும் பதில்தான்.

கடைத்தெரு

சுவாமி இருப்பிடம் போனபின் பாதிச் சனம் கலையும். கமராக்காரரில் முக்கால்வாசி போய்விடுவார்கள். நிற்பவருக்கு லாபம். காப்புக்கடையில் கண்ணாடி வளையல் அடுக்கு, தும்பு முட்டாஸ், பலூன்காரர், குவித்த கச்சானுக்கு மேல் தொங்குகிற ஒற்றைக் குண்டு பல்ப். கச்சான் கடையை முன்னாலிருந்து எடுத்தால் விளக்கு முகத்தை எரிக்கும். விற்கிற ஆச்சியின் பக்கத்தில், விளக்கு கமராவுக்குத் தெரியாதபடி ஒரு பொதியின் பின்னால் மறையும் இடத்தில் நில்லுங்கள். வெள்ளைச் சமநிலையை (விளக்கின் நிறத்துக்குக் கமராவைப் பொருத்துகிற அமைப்பை) 3200 கெல்வினுக்கும் 4000க்கும் நடுவில் வைத்தால் மஞ்சள் மிஞ்சாது. பேணியால் அளந்து சரைக்குள் கொட்டும்போது கச்சான் அந்தரத்தில் நிற்கும் கணத்துக்கு 1/250. முதலில் நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டுக் கேளுங்கள்.

அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டுத்தான் கார்டை அழிக்கவேண்டும். கோப்புறைக்குத் திகதி, கோயில், திருவிழா என்று பெயர் வையுங்கள். மூன்று வருடம் கழித்து எந்தச் சப்பறம் என்று உங்களுக்கே தெரியாது. கமராவையும் லென்ஸையும் ஈரத்துணி, காய்ந்த துணி என்று துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஈரப்பதம் 40 தொடக்கம் 50 வீதம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. அந்தச் சின்னப் பை கண்ணாடிக்குள் வலைபோல் பூஞ்சணம் படர்வதைத் தடுக்கும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அதன் மா பொத்தான் இடுக்குக்குள் போய்விடும்.

ஐந்தாறு படங்களை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போடுங்கள். கட்டைக்காரருக்கு ஒன்று, தவில்காரருக்கு ஒன்று, மதிலில் நிற்க விட்டவருக்கு ஒன்று, கச்சான் கடை ஆச்சிக்கு ஒன்று. பூங்காவனத்தன்று பின்னேரம் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.